வீட்டுக்கு வரும் வேலை

பிழைப்புக்காக ஊரை விட்டு வெளியேறுவது தர்மபுரி மாவட்டத்தாருக்குப் புதியதன்று. வானத்தை நம்பிய மானாவாரி நிலம் கைவிடும்போது, குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகின்றனர். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக, நூற்றுக்கு 68.5 என்ற அளவில் இது நின்றது. எனினும் 2013-ல் செட்டிக்கரையில் அரசினர் பொறியியற் கல்லூரி ஏற்பட்டது. படித்த இளைஞரும் பெண்களும் பெருகி வருகின்றனர். இவர்களும் பஸ் ஏறத்தான் வேண்டுமா? வேலையே இவர்கள் வீட்டுக்கு வரலாகாதா?

வரலாம். 1999-ல் அமெரிக்காவில் ஈலான்ஸ் என்னும் இணையதள வேலைச் சந்தை தோன்றிற்று. அதனை நிறுவிய பீருட் சேத், சீனிவாஸ் அனுமோலு இருவரும் இந்திய வம்சத்தவர் என்பது நமக்குப் பெருமை. பிற்காலத்தில் அது ஓடெஸ்க் என்னும் ஸ்தாபனத்துடன் இணைந்து, 2015-ல் அப்வொர்க் என்று பெயர் பூண்டது. வேலை கொடுப்போர் தம் தேவையை அறிவிப்பர்; செய்ய வல்லோர் கூலியைக் குறித்து விண்ணப்பிப்பர்; ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவார். முறை இவ்வளவே.

இத்தகைய சந்தையை அமைப்பதில் கணினி வித்தை எளிய பாகம். நம்பிக்கையை உண்டாக்குவதே கடினம். சென்னைப் பதிப்பகத்தார் ஒருவர், அரூரில் உள்ள பெண்ணிடம் ரூ. 5,000-க்கு மொழிபெயர்ப்பு வேலை தருவதாக வைத்துக்கொள்வோம். முன்னதாகப் பணம் கொடுக்க அவர் அஞ்சுவார். பணமின்றி உழைக்க இவள் அஞ்சுவாள். ஆகவே, தொகையை முதலிலேயே நடுவிடத்தில் கட்டி, வேலை ஏற்கப்பட்டதும் தொழிலாளிக்கு விடுவிக்க வேண்டும். பிணக்கு நேர்ந்தால் தீர்க்க மத்தியஸ்தர் வேண்டும். பிறர் பணத்தை வைத்திருப்பது விளையாட்டன்று. இதற்கு ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்துள்ளது. அங்கீகாரம் பெற்ற பட்டுவாடா ஸ்தாபனத்தின் வழியே இதைச் செய்வதே முறை.

இரண்டாவது, நற்பெயர். வேலை முடிந்தபின் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் மதிப்பிட வேண்டும். உண்மையில் ஒப்பந்தம் முடித்தவருக்கு மட்டுமே அவ்வுரிமை. பெயரெடுக்காத புதியவர்க்குச் சிறு வேலைகளை ஒதுக்கி வழி திறக்க வேண்டும்.

மூன்றாவது, தொடக்கம். வேலையில்லாச் சந்தைக்குத் தொழிலாளர் வாரார். தொழிலாளரில்லாச் சந்தைக்கு வேலை வாராது. ஆதலால் எல்லாத் தொழிலையும் அள்ளிக்கொள்ளாமல், மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல் போன்ற ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, வேலை தருவோர் சிலரை முதலில் பிடித்து வைத்துக்கொள்வது விவேகம்.

கமிஷனிலும் நிதானம் தேவை. அப்வொர்க் 2016 முதல் 2023 வரை, ஒரு வாடிக்கைக்காரரிடம் பெறும் முதல் 500 டாலரில் நூற்றுக்கு 20 வீதம் பிடித்தது. கமிஷன் மிகுந்தால் இரு தரப்பாரும் சந்தையைத் தாண்டித் தனியே பேசிக்கொள்வர். மிகக் குறைந்தால் சந்தையே நில்லாது. ஆனால் வேலை தருவதாகச் சொல்லி ஏழையிடம் முன்பணம் கேட்பது சந்தையன்று, மோசடி. அத்தகையோரிடம் நேயர்கள் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

இம்மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மூதாட்டியர் சிலரிடமே எஞ்சியிருந்த பூத்தையல் கலையை லம்பாடிப் பெண்கள் மீண்டும் கற்று, 'போர்கை' என்ற சங்கமாகக் கூடித் தொழில் செய்கின்றனர். அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். சரக்கை விற்கும் பாரம் சங்கத்தினுடையது. பெண்களுக்கோ ஊரை விட்டுப் போகாமலே கூலி கிடைக்கிறது.

நெசவாளர் வீடுதோறும் சிதறியிருந்த காலத்தில், 1935-ல் கூட்டுறவுச் சங்கமாய்ப் பிறந்ததுதான் கோ-ஆப்டெக்ஸ். கணினித் தொழிலாளரும் அவ்வண்ணமே கூடித் தம் சந்தையைத் தாமே உடைமையாக்கிக்கொண்டால், கமிஷன் அந்நிய தேசத்துக்குச் செல்லாது, ஊரிலேயே தங்கும். அதற்கு வேண்டிய கணினியும் கல்வியும் வந்துவிட்டன. கூடி உழைக்கும் துணிவை நம் இளைஞர் காட்டுவார்களாக!