ஊரே காட்டேரி, ஒருத்தர் மட்டும் மனுஷன்! - `ஐ ஆம் லெஜண்ட்' கதை சொல்லும் தனிமைப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரூம்மேட்ஸ் எல்லோரும் ஊருக்குப் போயாச்சு. காலையில இருந்து போன்தான் துணை. சாப்பாடு ஆர்டர் பண்றீங்க. டெலிவரி பண்ண வந்த அண்ணன் ஓ.டி.பி கேட்கிறார். நாலு நம்பரைச் சொல்லும்போது குரல் கரகரன்னு வருது. அப்போதான் உறைக்குது... இன்னிக்கு நீங்க வாயைத் திறந்து பேசுறதே இதுதான் முதல் தடவை!

ஒரு நாளைக்கே இப்படின்னா, ஊர்ல ஒருத்தர்கூட இல்லாம கிட்டத்தட்ட மூணு வருஷம் இருந்தா என்ன ஆகும்? அதுவும் ராத்திரியானா வீட்டு வாசல்ல ரத்தக்காட்டேரிகள் வந்து நின்னா?

இந்தக் கேள்வியை வெச்சு ஒருத்தர் 1954-லேயே ஒரு நாவல் எழுதிட்டார். அதுதான் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மாத்திசனின் `ஐ ஆம் லெஜண்ட்'. வில் ஸ்மித் நடிச்சு 2007-ல வந்த படத்தை நீங்க பார்த்திருக்கலாம். ஆனா, நாவல் போய் முடியுற இடமே வேற. அந்த முடிவுலதான் தனிமை பத்தின முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு.

(ஸ்பாய்லர் அலெர்ட்: கதையோட முடிவையும் பேசப்போறோம். நாவலைப் படிச்சுட்டு வர்றேன்னு சொல்றவங்க புக்மார்க் பண்ணிட்டுப் போகலாம்!)

ஒரு டிராகுலா பயமா, ஊர் முழுக்க டிராகுலா பயமா?

டீன் ஏஜில் `டிராகுலா' படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாத்திசனுக்கு ஒரு யோசனை வந்ததாம். ஒரே ஒரு காட்டேரியே இவ்வளவு பயம் காட்டுதுன்னா, உலகமே காட்டேரியா மாறிட்டா? அந்த யோசனைதான் பின்னாளில் நாவலானது.

கதை தொடங்குவது 1976-ல். அதாவது, எழுதும்போது அது எதிர்காலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பரவிய ஒரு கொள்ளைநோய், மக்களை ரத்தக்காட்டேரிகளாக மாற்றிவிடுகிறது. ராபர்ட் நெவில் என்ற 36 வயதுக்காரரை மட்டும் அந்த நோய் தொடவில்லை. மனைவி, மகள் இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்துவிட்டார்.

நெவில் விஞ்ஞானி இல்லை. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த சாதாரண ஆள். படத்தில்தான் அவரை ராணுவ விஞ்ஞானி ஆக்கினார்கள். இந்தச் சாதாரணத்தன்மைதான் நாவலின் பலம். நம்மள மாதிரி ஒருத்தர் தனியா மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவார்னு படிக்கிறோம்.

உயிரோடு இருக்க ஒரு டைம்டேபிள்

நெவிலைக் காப்பாற்றுவது பெரிய வீரம் எல்லாம் இல்லை, தினசரி வேலைகள்தான். ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார். பூண்டுச் சரம் கட்டித் தொங்கவிடுகிறார். அது வாடினால் மாற்றவேண்டுமே... அதற்காகப் பூண்டும் வளர்க்கிறார். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறார். ஆள் இல்லாத சூப்பர் மார்க்கெட்டிலிருந்து உணவு எடுத்து வருகிறார். கடைசல் இயந்திரத்தில் மரமுளைகள் செதுக்கி, பகலில் தூங்கும் காட்டேரிகளைத் தேடிப்போய்க் கொல்கிறார். இருட்டுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். ஒருநாள் கைக்கடிகாரம் நின்றுபோனதைக் கவனிக்காமல் இருந்துவிட, உயிர் போகிற நிலைமை வந்துவிடுகிறது!

நடுவில் அவர் உடைந்தும் போகிறார். விஸ்கி பாட்டிலே கதி என்று கிடக்கிறார், கையில் கிடைத்ததைப் போட்டு உடைக்கிறார். அதிலிருந்து அவரை மீட்பது ஒரு கேள்வி. `இந்த நோய் ஏன் வருது?'

லைப்ரரிக்குப் போய் மருத்துவப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருகிறார். மைக்ராஸ்கோப் பயன்படுத்தத் தானாகவே கற்றுக்கொள்கிறார். கடைசியில் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவையே கண்டுபிடிக்கிறார். ஒரு ரொட்டீனும், மூளைக்கு ஒரு வேலையும் இருந்தால் மனுஷன் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பான் என்பதற்கு நெவில் நல்ல உதாரணம்.

ஆனா, டைம்டேபிளால சரிபண்ண முடியாத ஒண்ணு இருக்கு. பேச்சுத்துணை!

பொம்மைகிட்ட பேசினது ஏன்?

இந்த நாவல் மூன்று முறை படமாகியிருக்கிறது. மூன்றிலுமே ஹீரோவுக்குக் காட்டேரியைவிடப் பெரிய பிரச்னை இதுதான். 1964-ல் வந்த `தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' படத்தில் வின்சென்ட் பிரைஸ் பழைய குடும்ப வீடியோவைப் போட்டுப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடிப்பார். 1971-ல் வந்த `தி ஒமேகா மேன்' படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் ஒரு சிலையை எதிரே வைத்து செஸ் ஆடுவார். 2007 படத்தில் வில் ஸ்மித், டிவிடி கடையில் துணிக்கடை பொம்மைகளை நிறுத்திவைத்து, பேர் வைத்து, அவற்றோடு பேசுவார். கடைக்குள் ஒரு பெண் பொம்மையிடம் போய்ப் பேசுவதற்குக்கூட அவருக்குக் கூச்சம் வரும்!

நாவலில் இதைவிட நெஞ்சைப் பிசைவது நாய் வரும் பகுதி. ஒருநாள் பகல் வெளிச்சத்தில் ஒரு நாயைப் பார்த்துவிடுகிறார் நெவில். சந்தோஷத்தில் கத்திக்கொண்டே துரத்துகிறார். அது பயந்து ஓடிவிடுகிறது. அப்புறம் பொறுமையைக் கற்றுக்கொள்கிறார். தினமும் வாசலில் சாப்பாடும் பாலும் வைக்கிறார். தள்ளி நின்று பார்க்கிறார். நாள் கணக்கில் காத்திருந்து அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறார். ஆனால், அதற்கும் நோய் தொற்றிவிட்டது. ஒரே வாரத்தில் செத்துப்போகிறது.

இன்னொரு துணையும் அவருக்கு உண்டு. பென் கார்ட்மேன். முன்பு பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றாக வேலைக்குப் போனவர். இப்போது காட்டேரி. ராத்திரியானால் வாசலில் நின்று நெவில் பெயரைச் சொல்லி வெளியே கூப்பிடுவதுதான் அவர் வேலை. பகலில் கார்ட்மேன் எங்கே ஒளிகிறார் என்று தேடுவதே நெவிலுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிடுகிறது. கடைசியில் வேறு சிலர் கார்ட்மேனைக் கொல்லும்போது நெவிலுக்குச் சந்தோஷம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது. ஆமாம்... தன்னைக் கொல்ல வந்தவராக இருந்தாலும், தன் பேரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தானே!

நீ பண்றது தப்புனு சொல்ல ஆள் இல்லை

இப்போ நாவலோட முக்கியமான திருப்பத்துக்கு வருவோம். 1978 ஜூன் மாதம். பட்டப்பகலில் ஒரு பெண் நடந்துபோவதைப் பார்க்கிறார் நெவில். பெயர் ரூத். நாயிடம் காட்டிய பொறுமை எல்லாம் அந்த நிமிஷம் காணாமல்போகிறது. துரத்திப் பிடித்து, இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பூண்டை நீட்டி சோதிக்கிறார். சந்தேகப்படுகிறார். இத்தனை வருஷம் யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கியவர், ஒருத்தி வந்ததும் அவளை எப்படி நடத்துவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்.

உண்மையில் ரூத், உளவு பார்க்க வந்தவள். நோய் தாக்கியும் சாகாமல், மாத்திரை ஒன்றைக் கண்டுபிடித்து, புது சமூகமாக வாழ ஆரம்பித்திருக்கும் மக்களில் ஒருத்தி. பகலில் தூங்குபவர்களில் செத்து எழுந்தவர்களும் உண்டு, உயிரோடு நோயில் கிடப்பவர்களும் உண்டு என்பது நெவிலுக்குத் தெரியும். ஆனால், இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கொன்றார். அப்படிக் கொல்லப்பட்டவர்களில் ரூத்தின் கணவரும் ஒருவர்.

அந்த மக்களுக்கு, தூங்கும்போது வீடு புகுந்து கொல்லும் நெவில்தான் பயங்கர மிருகம். அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லப்போகும் பேய்க்கதையின் பேயே அவர்தான். சிறைபிடிக்கப்பட்டு, ஜன்னல் வழியாக அந்த மக்களின் முகத்தில் இருக்கும் பயத்தைப் பார்க்கும்போதுதான் அது அவருக்குப் புரிகிறது. நாவலின் தலைப்புக்கு அர்த்தமும் அங்கேதான் கிடைக்கிறது.

நெவில் கெட்டவர் இல்லை. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் அவரிடம் நியாயம் இருந்தது. ஆனால், அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் நில்லு, இவங்கள்ல சிலர் பிழைச்சுக்கலாமே" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. தனிமையில் அழுகையும் ஏக்கமும் வருவது நமக்குத் தெரியும். `நான் நினைக்கிறது மட்டும்தான் சரி' என்ற முடிவுக்கு சத்தமில்லாமல் கொண்டுபோய் விடுவதுதான் தனிமையின் இன்னும் பெரிய ஆபத்து.

சயின்ஸ் என்ன சொல்லுது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்தவர் உளவியலாளர் ஜான் கசியோப்போ. பசி, தாகம் போலத்தான் தனிமை உணர்வும் என்பது அவருடைய விளக்கம். `சாப்பிடு' என்று வயிறு சொல்வதைப்போல, `மனுஷங்ககிட்ட போ' என்று உடம்பு கொடுக்கும் சிக்னல் அது.

ஆனால், இந்த சிக்னல் நெடுநாள் அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு சிக்கல் வருகிறது. கூட்டத்திலிருந்து பிரிந்த உயிருக்கு ஆபத்து அதிகம் என்பதால், மூளை எப்போதும் உஷார் நிலையிலேயே இருக்கப் பழகிவிடுகிறது. அடுத்தவர் முகத்திலும் பேச்சிலும் அன்பைவிட ஆபத்தை முதலில் தேடுகிறது. துணை தேவைப்படும் அதே ஆள், துணையாக வருபவர்களைச் சந்தேகப்பட்டு விலக்குகிறார். தனிமை இன்னும் கூடுகிறது. ரூத்திடம் நெவில் பூண்டை நீட்டியது இதேதான்!

அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, 2023-ல் தனிமையைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். சமூகத் தொடர்பே இல்லாமல் இருப்பது, தினமும் 15 சிகரெட் வரை பிடிப்பதற்கு இணையாக ஆயுளைப் பாதிக்கலாம் என்று அந்த அறிக்கை எச்சரித்தது.

ஒண்ணு கவனிங்க. தனியா இருக்கிறது வேற, தனிமையா உணர்றது வேற. ஒரு நாள் முழுக்கத் தனியா படம் பார்த்துட்டு ஜாலியா தூங்கப் போறவங்க உண்டு. 300 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல இருந்துக்கிட்டு தவிக்கிறவங்களும் உண்டு.

படம் ஏன் முடிவை மாத்துச்சு?

2007 படம் தியேட்டரில் வந்தபோது, நெவில் மனிதகுலத்துக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு உயிர்த்தியாகம் செய்வார். ஹீரோ கடைசிவரை ஹீரோவாகவே இருந்தார். ஆனால், டிவிடியில் இன்னொரு க்ளைமாக்ஸ் வந்தது. அதில், வீட்டை உடைத்து வரும் கூட்டத்தின் தலைவன் கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சியை வரைவான். நெவில் பிடித்துவைத்துப் பரிசோதனை செய்யும் பெண்ணின் உடம்பில் இருக்கும் டாட்டூ அது. அவன் வந்தது சண்டைக்கு இல்லை, அவளை மீட்க. நெவில் அவளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பு கேட்பார். சுவரில், தன்னிடம் செத்துப்போனவர்களின் போட்டோக்கள் வரிசையாக இருப்பதைப் பார்ப்பார். நாவலுக்குப் பக்கத்தில் வருவது இந்த முடிவுதான். யூடியூபில் தேடிப் பாருங்கள்.

நெவில்கிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது

* *ரொட்டீன் அவசியம். ஆனா, அதுல ஒரு மனுஷன் இருக்கணும்.* ஜிம், ஸ்கின்கேர், கோர்ஸ்னு பக்காவா டைம்டேபிள் போடுறோம். `செவ்வாய்க்கிழமை அத்தைக்கு போன்', `சனிக்கிழமை மாடிவீட்டு அண்ணாகூட டீ'ங்கிறதையும் அதே லிஸ்ட்ல எழுதுங்க. நெவில் நினைச்சாலும் அதை எழுத முடியலை. நம்மால முடியும்.

* *ப்ளூ டிக் வந்து பதில் வரலையா?* `என்னை அவாய்டு பண்றான்'னு முடிவுகட்டுறதுக்கு முன்னாடி ஒரு கால் பண்ணிக் கேளுங்க. உஷார் நிலையில இருக்கிற மூளை சொல்ற கதை எல்லாம் உண்மை கிடையாது.

* *புது நட்புக்கு நாய்க்குக் காட்டின பொறுமையைக் காட்டுங்க.* துரத்தினா ஓடத்தான் செய்வாங்க. தினமும் ஒரு வணக்கம், ஒரு `சாப்டீங்களா' போதும். மெதுவா வருவாங்க.

* *`நீ பண்றது தப்பு'னு முகத்துக்கு நேரா சொல்ற ஒருத்தரை பத்திரமா வெச்சுக்கோங்க.* எரிச்சலாதான் இருக்கும். ஆனா, லைக் போடுற நூறு பேரால அந்த ஒருத்தர் வேலையைச் செய்ய முடியாது.

ரெண்டு வாரத்துக்கும் மேல எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கமும் பசியும் கெட்டுப்போய் இருந்தா, அது வெறும் தனிமையா மட்டும் இல்லாம இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்க. காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போறதுபோலத்தான் இதுவும்.

பூண்டு, பலகை, ஜெனரேட்டர் எல்லாம் நெவிலை உயிரோட வெச்சிருந்துச்சு. ஆனா, வாசலுக்கு வெளியே இருந்தவங்கள்ல யார் காட்டேரி, யார் மனுஷன்னு அவருக்குச் சொல்ல அதுங்களால முடியலை. அதுக்கு இன்னொரு மனுஷன் வேணும்.

கடைசியா நீங்க யார்கிட்ட பத்து நிமிஷம் வாய்விட்டுப் பேசினீங்க? யோசிச்சும் ஞாபகம் வரலைன்னா, இந்தக் கட்டுரையை மூடிட்டு முதல்ல ஒரு நம்பருக்கு கால் பண்ணுங்க!