டாக்டருக்கும் பாடம் உண்டு! நாலு மாத்திரையில் அடங்காத இருமல்

மாலை ஆறு மணிக்கு மேல் அல்சூர் பஜார் தெருப் பக்கம் கிளினிக் வாசல்களில் கூட்டம் சேரத் தொடங்குகிறது. கட்டட வேலை முடித்து வந்தவர்கள், அச்சகத் தொழிலாளர்கள், கம்பெனி குமாஸ்தாக்கள் என்று பலரும் டோக்கனோடு காத்திருப்பார்கள். காத்திருக்க நேரம் இல்லாதவர்கள் நேராக மருந்துக் கடைக்குப் போய் விடுவார்கள். "இருமல் விடவே இல்லை, நல்ல மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கேட்டால், அட்டையில் இருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் கடைகள் எந்த ஊரிலும் உண்டு. ஒரு நாள் கூலியைக் காப்பாற்ற இதை விட எளிய வழி இல்லை.

அந்த நாலு மாத்திரையில்தான் வினை இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல் காசநோயாக இருக்கலாம். சளியைச் சோதிக்காமல் லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரையைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? காசநோய்க் கிருமி கொஞ்சம் அடங்கும். இருமல் குறையும். 'நல்ல மருந்து' என்று நோயாளி சந்தோஷப்படுவார். ஆனால், சாகாமல் தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்கு அஞ்சாதவையாகப் பெருகலாம். சில வாரம் கழித்து இருமல் திரும்பி வரும்போது நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகியிருக்கும். ஒரு நல்ல மருந்தும் கையை விட்டுப் போயிருக்கும்.

இதையெல்லாம் கூலிக்குப் போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. டாக்டர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சரி, டாக்டருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பெல்லாரி சாலைப் பள்ளிக்கூடம்

அதற்கென்றே பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. பெல்லாரி சாலையில் உள்ள தேசியக் காசநோய் நிலையம்தான் அது. 1960-ம் ஆண்டு செப்டம்பரில் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவி செய்தன.

அந்த நிலையத்துக்கு அவசியம் வந்ததற்கு ஒரு வகையில் சென்னையே காரணம். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்காமல், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று நிரூபித்தது. அந்த முடிவு 1959-ல் வெளியாயிற்று. தாம்பரம் சானடோரியம் என்றாலே குடும்பமே கலங்கிய காலம் அது. வீட்டிலேயே வைத்தியம் என்றால் மாவட்டந்தோறும் உள்ள டாக்டர்கள் அதைக் கற்க வேண்டுமே! மாவட்டத்துக்கு ஒரு குழுவாக டாக்டர், சளி பரிசோதிப்பவர், எக்ஸ்ரே ஊழியர் ஆகியோர் பெங்களூருக்கு வந்து பயிற்சி பெற்றார்கள்.

இந்த நிலையத்தார் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு ஒன்று 1963-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சனும். 'கிராமத்து ஜனங்களுக்கு விவரம் போதாது, ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை' என்று மேலதிகாரிகள் பேசி வந்த காலத்தில், இவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். தெரிய வந்தது வேறு கதை. காசநோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து! நோயாளி வந்தார், நோயை இனம் காணத்தான் ஆள் இல்லை.

நடிகர்கள் போன ஆய்வு

அது பழைய கதை என்று தள்ளி விட முடியாது. 2014-ல் டெல்லியில் ஒரு நூதனமான ஆய்வு நடந்தது. காசநோயாளி போல் நடிக்கப் பழகிய 17 பேரை டாக்டர்களிடமும் மற்ற வைத்தியர்களிடமும் அனுப்பினார்கள். மொத்தம் 250 முறை போனார்கள். முறைப்படி கவனிக்கப்பட்டது 21 சதவீதம் மட்டுமே. மருந்துக் கடைகளுக்கும் இதே போல் ஆட்களை அனுப்பிச் சோதித்திருக்கிறார்கள். டெல்லி, மும்பை, பாட்னா கடைகளில், நோய் இன்னும் உறுதியாகாத 'நோயாளி'களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கிருமிக்கொல்லி கொடுக்கப்பட்டது. தும்கூரில் இருமல் பாட்டில் இருந்த இடத்தில் இப்போது கிருமிக்கொல்லி மாத்திரை. பாட்டிலாவது கிருமியை முரடாக்காமல் இருந்தது!

டாக்டர் ஒரு தடவை படித்த பாடம் ஆயுள் முழுவதும் வராது என்பதற்குக் காசநோய் மட்டும் சாட்சி அல்ல. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் குளோராம்பெனிகால்தான் கண்கண்ட மருந்து. 1972-ல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் பரவிய டைபாய்டு அந்த மருந்துக்கு மசியவில்லை. அதற்கு முன் பட்டம் வாங்கிய டாக்டர், புதிதாக எதுவும் படிக்காமல் இருந்தால் என்ன சீட்டு எழுதியிருப்பார்?

ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதி சொல்கிறது. வருஷத்துக்கு 6 மணி நேரம். இரண்டு சினிமா பார்க்கிற நேரம்தான்! அந்த 6 மணி நேரம் போக மீதி வருஷம் முழுவதும் டாக்டருக்குப் பாடம் சொல்ல வருகிறவர், பையோடு வரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மருந்தை விற்க வந்தவர், 'இந்த நோயாளிக்கு மருந்தே வேண்டாம்' என்ற பாடத்தையா நடத்துவார்?

சென்னைப் பிரகடனம்

2012 ஆகஸ்டில் பல மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் செய்தன. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதை மருத்துவக் கல்லூரிப் பாடத்திலேயே சேர்க்க வேண்டும், டாக்டர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லாமல் எந்தக் கிருமிக்கொல்லியும் விற்கக் கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடும்படி அவர்கள் கேட்கவில்லை. டாக்டரே இல்லாத கிராமத்தில் அப்படிச் செய்தால் ஜுரத்தோடு வருகிறவன் கதி என்ன? எனவே, முதலில் உயர்ந்த ரக மருந்துகளுக்குக் கட்டுப்பாடு என்றார்கள். நடைமுறை அறிந்த யோசனை.

2014 மார்ச் முதல் 'ஷெட்யூல் எச்-1' விதி அமலுக்கு வந்தது. லெவோஃப்ளாக்சசினும் காசநோய் மருந்துகளும் அதில் அடக்கம். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கிருமிக்கொல்லி அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று பொருள். 2016-ல் மத்திய அரசு இதற்காக ஒரு பிரசாரமே நடத்தியது.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பல வருஷங்கள் வரை 18 மாதத்துக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டது. ஊசி போட்டே காது கேட்காமல் போனவர்கள் உண்டு. 2024 செப்டம்பரில், 6 மாதத்தில் முடியும் புதிய சிகிச்சை முறையை மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்தது. அதில் நாலு மருந்துகள். அவற்றில் ஒன்றான மாக்சிஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசினுக்கு உடன்பிறப்பு. கடையில் கத்தரித்து வாங்கிய மாத்திரையால் கிருமி முரண்டு பிடிக்கக் கற்றிருந்தால், இந்த நாலில் ஒன்று அப்போதே குறைந்து போகும்.

சளியில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதை இப்போது சில மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் வந்து விட்டன. அவற்றில் 'ட்ரூநாட்' என்ற கருவியை உருவாக்கியது பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடும் திட்டம் உண்டு. 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது.

பொங்கலுக்குத் தர்மபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய் அங்கேயே சில மாதம் தங்க நேர்ந்தாலும் மருந்தை நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. சிகிச்சை தொடங்கும்போது கொடுக்கும் 'நிக்ஷய்' எண்ணைச் சொன்னால், மீதி மருந்தைச் சொந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக் கொள்ள மாற்றிக் கொடுப்பார்கள்.