பம்பு மோட்டார் எரியாமற் காக்கும் முறை

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூக் கதிர் பால் பிடிக்குங் காலத்தில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாவிடில், கிணற்றுப் பம்பே வயலுக்குத் துணை. அத்தருணத்தில் மோட்டார் எரியுமாயின், அது பழுது பார்த்து வருவதற்குள் கதிர் பதராகிவிடும்.

மோட்டார் எரிவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, மூன்று பேஸ்களில் ஒன்று அற்றுப்போவதாம். ஓடும் மோட்டார் அப்போது நின்றுவிடாது. எஞ்சிய இரு கம்பிகளிலும் ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்டை இழுத்து, முனகிக்கொண்டே ஓடிச் சுற்றுக்கம்பி கருகும். பியூஸ் இருக்கிறதே என்பர் பலர். பியூஸ், கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும் விபத்துக்கே காவல். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஓடுகையில் சுமார் 7.5 ஆம்பியரும், புறப்படுகையில் அதைப்போல் 6 மடங்கு வரையிலும் கொள்ளும். அப்புறப்பாட்டைத் தாங்கும் பியூஸ் 13 ஆம்பியருக்கு உருகுமென எதிர்பார்த்தல் வீண்.

உரிய காவல் ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயே. அதன் குறியை மோட்டார்த் தகட்டிற் கண்ட ஆம்பியரில் நிறுத்தல் வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுற்றுக்கம்பி வழியில் அமைந்திருப்பின், அதில் 100-க்கு 58 பங்கே சரி. மோட்டார் அடிக்கடி நிற்கிறதென்று குறியை ஏற்றிவிடுதல், குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவதை ஒக்கும். பேஸ் அற்றவுடன் மோட்டாரை நிறுத்தும் தடுப்புக் கருவியையும் சேர்த்துக்கொள்வது மிக்க நலம். அதன் விலை சுற்றுக்கட்டும் கூலிக்கு முன் அற்பமே.

கேபிளின் கனமும் கவனிக்கத்தக்கது. மேற்படி மோட்டார் 200 மீட்டர் தொலைவிலிருப்பின், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளில் சுமார் 16 வோல்ட் வழியிலேயே குறைந்துபோம். 4 சதுர மில்லிமீட்டரில் சுமார் 10 வோல்ட்டே குறையும்.

ஆழ்குழாய்க் கிணற்றின் மூழ்கு பம்புக் கேபிளைத் தன் பாரத்தில் தொங்கவிடலாகாது. 3 மீட்டருக்கு ஒரு பிடி வீதம் நீர்க்குழாயோடு சேர்த்துக் கட்டுக. பம்பை ஏற்றவோ இறக்கவோ கேபிளைப் பிடித்திழுத்தல் கூடவே கூடாது. தென்னையில் ஆணியடித்துக் கேபிள் கொண்டுபோவதைக் கிராம அதிகாரிகள் கண்டவிடத்துத் தடுப்பாராக. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் மரம் ஆட ஆட உறை தேய்ந்து, மரத்தைத் தொடுபவனுக்கே ஆபத்தாகும்.

மோட்டார் உடலுக்குத் தனித்தனியே இரண்டு நில இணைப்பு வேண்டுமென்பது 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே கண்டது. கடலோரத்தில் உப்புக் காற்றினால் அவ்விணைப்புகள் விரைவில் துருவேறுமாதலால், கன்னிப்பூ விதைப்புக்கு முன்னும் கும்பப்பூ நடவுக்கு முன்னும் மின்சாரத்தை நிறுத்தி, உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு சோதிப்பித்துக்கொள்க.