வெடிக்குச் சுருதி உண்டா?

விஸ்வநத்தம் பிள்ளைகளுக்கு வெடிச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிவகாசியை ஒட்டிய பட்டாசு ஊர். கண்ணை மூடிக்கொண்டே இது சரவெடி, இது அணுகுண்டு என்று சொல்லிவிடுவீர்கள். அப்படியானால் ஒரு கேள்வி: அணுகுண்டு வெடிக்கும் சத்தத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாட முடியுமா? முடியாது. ஆனால் மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலையைத் தட்டினால், 'இதுதான் ஸ' என்று பிடித்துக்கொண்டு பாடிவிடலாம். இரண்டுமே காற்றை அதிரவைக்கும் சத்தங்கள்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

வெடி காற்றை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். ஒரே அதிர்வு சீராகத் திரும்பத் திரும்ப வந்தால்தான் காது அதைச் சுருதியாக எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் தோலை இழுத்துக் கட்டிவிட்டால் சுருதி வந்துவிடுமா? அதுவும் இல்லை. வீணைக் கம்பி நொடிக்கு 100 முறை அதிர்ந்தால், கூடவே 200, 300, 400 என்ற அதிர்வுகளும் எழும். எல்லாம் ஒரே கணக்கில் இருப்பதால் நமக்கு ஒரே ஸ்வரமாகக் கேட்கும். வட்டமான தோல் அப்படி அடங்காது. அதில் 100-உடன் ஏறத்தாழ 159, 214, 230 என்று எழும். கணக்கில் சேராத கூட்டம்! தப்பு மேளத்தில் நாம் கேட்பது இதைத்தான். ஊர்வலத்தில் தெருக்கோடி வரை கேட்க வேண்டிய வாத்தியத்துக்கு அது குறையே அல்ல.

மிருதங்கம் செய்பவர்கள் இந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வலந்தலையின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்தான் அது. ஒரு வகைக் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துப் படியவைப்பார்கள். நடுவில் கனம் கூடியதும் தோலின் அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்ற கணக்குக்கு நெருங்கி வந்துவிடுகின்றன.

இதை ஆராய்ந்து சொன்னவர் சி.வி. ராமன். 1920-இல் கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். நோபல் பரிசு வந்ததோ 1930-இல். தோலின்மேல் நுண்ணிய மணலைத் தூவித் தட்டுவார்; அதிராத இடங்களில் மணல் கோடாக ஒதுங்கும். அந்தக் கோடுகளே தோல் எப்படியெல்லாம் அதிர்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனதும் அதே கல்கத்தாவுக்குத்தான், அதே 1920-களின் தொடக்கத்தில்!

இனி மிருதங்க வகுப்புக்கு வருவோம். மிருதங்கத்தில் முதல் பாடம் 'த தி தொம் நம்'. 'த', 'தொம்' இடது கைக்கு. 'தி', 'நம்' வலது கைக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பாடாய்ப் படுத்துவது 'நம்'. ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்க, மோதிர விரல் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொடுதலால் தோல் முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் போவது நின்றுவிடும். ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கும். கணீரென்ற நாதம் அப்போதுதான் பிறக்கும். விரலை அழுத்தினால் நாதம் செத்துப்போகும். 'அழுத்தாதே, தொடு' என்று வாத்தியார் நூறு தடவை சொல்வது இதற்காகத்தான். சலித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொல்லித்தருவது இயற்பியல்!

பல வருடம் வாசித்தவர்களுக்கும் ஒரு பாடம் மீதி இருக்கிறது, அது காற்றின் ஈரம். ஈரத்தைக் குடித்த தோல் தளர்ந்து சுருதி இறங்கும். உலர்ந்தால் இறுகிச் சுருதி ஏறும். தப்பைத் தீயில் காய்ச்சுவதும் தோலை உலர்த்தி இறுக்கத்தான். பட்டாசு ஊரில் அந்தத் தீயை மூட்டத் தொழிற்சாலைப் பக்கமே போகக்கூடாது! பட்டாசுத் தொழிலுக்கு வசதியான உங்கள் ஊரின் வறண்ட காற்று மிருதங்கத் தோலையும் இறுக்கும். இங்கே சுருதி சேர்த்த மிருதங்கத்தைக் கடலோர ஊருக்குக் கொண்டுபோனால், கல்லால் விளிம்பைத் தட்டி மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளரின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டித் தட்டுங்கள். பிறகு நடுவில் சிறிது சப்பாத்தி மாவை ஒட்டித் தட்டுங்கள். சத்தம் கீழே இறங்கும். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவைப் பசை ஒட்டுவதும் இதற்காகத்தான். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை புதிதாகப் பிசைந்துதான் ஒட்ட வேண்டும்.