மலைக்கும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்

சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று எந்தப் படகு டிரைவரும் வாதாடுவதில்லை. ஆனால் அதே வாரக் கடைசியில் அதே தெருப் பையன்கள் நாகலாபுரத்துக்கோ தடா அருவிக்கோ பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். மலைக்குக் கூண்டு ஏற்ற ஆளில்லை. நவம்பர், டிசம்பரில் நடக்கும் மலையேற்ற விபத்துகளைத் தடுப்பது விலையுயர்ந்த ஷூவும் கயிறும் அல்ல. போவதா வேண்டாமா, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற இரண்டு முடிவுகள்தான் தடுக்கும். இரண்டையும் முந்தின இரவே வீட்டில் எடுத்துவிட வேண்டும்.

மழை ஓரிடம், வெள்ளம் ஓரிடம்

மழை பெய்வது ஓரிடம், வெள்ளம் வருவது வேறிடம் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பூண்டி ஏரியில் உபரிநீரைத் திறந்தால், இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் கொசஸ்தலை ஆறு பெருகி மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் தண்ணீர் ஏறும். பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேரும். மலை ஓடையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது, வேகம் மட்டும் பல மடங்கு அதிகம். அணைக்கு மதகு உண்டு, முன்னறிவிப்பு உண்டு. பாறை இடுக்குக்கு இரண்டும் கிடையாது. மேலே பெய்த மழை சில நிமிடங்களில் குளித்துக்கொண்டிருப்பவர் தலைக்கு வந்துவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை கடைசி எச்சரிக்கைகள். அப்போது பையை எடுக்கப் போகாமல் உடனே கரையேற வேண்டும். ‘அருவியைப் பார்க்கத்தானே போகிறோம், மழைக்காலத்தை விட்டால் தண்ணீர் ஏது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஓடைகளில் தண்ணீர் இருக்கும், சீற்றம் குறைந்திருக்கும். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளிலும், ஆரணி ஆற்றின் பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்ட செய்தி வந்த வாரத்திலும் அந்தப் பக்கம் போகக்கூடாது. மழை விட்டதும் மலை பத்திரமாகிவிடுவதும் இல்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

இது என்ன இமயமலையா?

நம் ஊர் மலைகளில் பனி கொட்டுவதில்லை, குளிரால் ஆபத்து எப்படி வரும் என்பது அடுத்த ஆட்சேபம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. அதற்கு உறைபனி தேவையில்லை; நனைந்த துணியும் காற்றும் களைப்பும் சேர்ந்தால், வெளியே 15 டிகிரி இருக்கும்போதே நேரலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். ஏலகிரி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் கடலோரப் புழுக்கத்தில் வாழ்ந்த உடலுக்கு இந்தக் குளிர் பழக்கமும் இல்லை. முதலில் நடுக்கம், பிறகு குழறும் பேச்சு, தடுமாறும் நடை. கூட வந்தவர்கள் இதைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று பொருளல்ல, நிலைமை மோசமாகிவிட்டது என்றே பொருள். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுத்து, 108-ஐ அழைக்க வேண்டும். மது கொடுக்கவே கூடாது: அது தோலின் ரத்தநாளங்களை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆடும் பையன்கள் போடுகிற பாலியஸ்டர் ஜெர்சியே மலைக்கு ஏற்றது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஓர் உலர்ந்த சட்டையும் துண்டும் போதும், பெரிய செலவில்லை. எண்ணூர், மணலிப் புகையில் வாழ்ந்து இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிர்காற்றில் மூச்சிரைக்க ஏறும்போது மூச்சுக்குழல் சுருங்கலாம். அவர்களுடைய இன்ஹேலர் பைக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

பொழுதும் தூக்கமும்

ஜூன் கடைசியில் சென்னையில் மாலை 6.35-க்கு மேல்தான் சூரியன் மறையும். நவம்பர் கடைசியில் 5.40-க்கே மறைந்துவிடும். ஒரு மணி நேரம் போய்விட்டது. பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டும். எனவே பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ள வேண்டும். கைபேசி இருக்கிறதே என்றால், மலை இடுக்கில் சிக்னல் கிடைக்காது, விளக்காகவும் வரைபடமாகவும் எரித்த பேட்டரியும் மாலைவரை தாங்காது. தனியாக டார்ச் வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பைக்கை எடுப்பது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 0.03 சதவீதம்தான்.

அனுமதி யாருக்காக?

காட்டுக்குள் நடக்க எதற்குச் சீட்டு, எதற்குக் கட்டணம் என்று எரிச்சல்படுபவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்கலாம். குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்தால்தான் மீட்பு சரியான இடத்தில் தொடங்கும். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் உண்டு, உள்ளூர் வழிகாட்டிகளும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதை நமக்கு மிக அருகில் இருப்பது. கட்டணம் சிலருக்குச் சுமை என்பதை மறுக்க முடியாது. தொழிலாளர் குடும்பங்களுக்குச் சலுகை தரலாம். அதற்காகத் திருட்டு வழியில் நுழைவது சிக்கனம் ஆகாது.

இறங்கிய பிறகு

மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் கூடுகிறது. புதர்களில் உள்ள நுண்ணிய பூச்சி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் வலியில்லாத கறுத்த பொருக்கு தெரியலாம், தெரியாமலும் போகலாம். தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு எலிக் காய்ச்சலும் வரக்கூடும். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து இரண்டுக்கும் கேட்கும், தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மலைக்குப் போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மலைக்குப் போனதை நீங்களே சொல்லுங்கள்.