கணக்கு எழுதாத இடைக்கால அதிபர்

உலகக் கிண்ணக் காற்பந்தில் உருகுவே விளையாடிய ஓர் இரவு. "அப்பா, அந்தக் கொடியில ஏன் ஒன்பது கோடு?" என்று கேட்டாள் மகள். எனக்குத் தெரியவில்லை. சுவாரெஸ் என்றால் கோல் போடும் லூயிஸ் சுவாரெஸ்தான் எனக்குத் தெரியும். கொடியைப் பற்றித் தேடப்போய் இன்னொரு சுவாரெஸைச் சந்தித்தேன்.

ஹோவாக்கின் சுவாரெஸ், 1781இல் பிறந்தவர். 1828இல் அந்தக் கொடியை உருவாக்கியவர் அவர்தான். புதிய நாட்டின் ஒன்பது மாவட்டங்களுக்கு ஒன்பது கோடுகள்.

1843 மார்ச்சில் அதிபர் ரிவேராவின் தவணை முடிந்தது. அதற்குச் சில நாள்கள் முன்புதான் ஒரிபேயின் படை தலைநகர் மொண்டேவிடேயோவை முற்றுகையிட்டிருந்தது. தேர்தல் நடத்த வழியில்லை. செனட் தலைவராக இருந்த சுவாரெஸ் இடைக்கால அதிபரானார். சில மாதம் என்று நினைத்திருப்பார்கள். முற்றுகை 1851 அக்டோபர் வரை நீடித்தது. அவர் பதவியிலிருந்து இறங்கியது 1852 பிப்ரவரியில். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்!

நகரைக் காக்க இத்தாலியர் கரிபால்டியும் தன் படையோடு போரிட்டார். 'புதிய டிராய்' என்று அந்நகரைப் பற்றி நூலே எழுதினார் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா. ஆனால், நகரம் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டுமே? வசதியாக வாழ்ந்த சுவாரெஸ் தம் சொத்தை அதற்குக் கொடுத்தார்.

போர் முடிந்தபின், கொடுத்ததற்குக் கணக்குக் காட்டச் சொன்னபோது, "தாய்க்குச் செய்ததற்கு நான் கணக்கு வைப்பதில்லை" என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். 1868இல், 87 வயதில், ஏழையாகவே இறந்தார். இன்று உருகுவே அதிபரின் அதிகாரபூர்வ இல்லம் அவர் பெயர் கொண்ட சாலையில் இருக்கிறது.

இதைப் படித்தபோது நானும் 'இடைக்கால'த்தில்தான் இருந்தேன். எட்டு மாதமாக இடைக்காலப் பிரிவுத் தலைவர். சம்பள உயர்வு இல்லை. கூடுதலாக உழைத்த ஒவ்வொரு மணி நேரத்தையும் கைத்தொலைபேசியில் குறித்து வைத்திருந்தேன். "நிரந்தரமாக வருபவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று பல முடிவுகளைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

அந்தக் குறிப்பை நான் அழிக்கவில்லை. அலுவலகம் தாய் அல்ல. உழைப்புக்கு ஊதியம் கேட்பதில் தவறும் இல்லை. ஆனால், மறுநாள் காலையில் தள்ளிப்போட்ட கோப்புகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். மாலைக்குள் மூன்று முடிந்தன.

மகளுக்கும் பதில் கிடைத்தது. "அந்தச் சுவாரெஸ் கோல் போடுவாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவர் கோல்கீப்பர்" என்றேன்.