நாவாயில் வரும் நாவாய்ப்பூச்சி

நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வரப்பில் நடந்தவர் எவரும் கதிர்நாவாய்ப்பூச்சியின் நாற்றத்தை மறவார். பால்மணியில் ஊசிவாயைச் செருகி உறிஞ்சிவிட்டுக் கதிரைப் பதராக்கிப் போகும் அப்பூச்சி, கண்ணுக்குப் படுமுன் மூக்குக்குப் பட்டுவிடும். நாவாய் என்பது கப்பலுக்கும் நம் முன்னோர் வழங்கிய பெயர். வயலோடு வாழும் நம் பூச்சியைக் காட்டிலும் அப்பெயர் பொருந்துவது அதன் தொலைவுச் சுற்றமொன்றுக்கே. அது மெய்யாகவே கப்பலேறி உலகைச் சுற்றுகிறது.

சீனம், யப்பான், கொரியா ஆகிய கிழக்காசிய மண்ணுக்குரியது பழுப்புப் பளிங்கு நாவாய்ப்பூச்சி. 1990-களில் அது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தலைகாட்டியது. 2010-இல் அந்நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டிய சில மாநிலங்களில், ஆப்பிள் விளைச்சலில் மட்டும் 3.7 கோடி டாலர் இழப்பு. பின்னர் இத்தாலியின் பழத்தோட்டங்களிலும் சியார்சியா நாட்டின் கொட்டைத் தோப்புகளிலும் பெருகியது. இத்தனைக்கும் அது தன் சிறகால் கடந்த தொலைவு சிறிது. சரக்கோடு சரக்காக வந்த தொலைவே பெரிது.

வடகோளத்தில் குளிர் நெருங்கும்போது முதிர்ந்த பூச்சிகள் ஒடுங்க இடம் தேடி அலையும். உலர்ந்த மரப்பட்டையின் பிளவு அவற்றுக்கு இயற்கை அளித்த வீடு. தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நிற்கும் புதிய கார்களின் கதவிடுக்கும், அடுக்கிவைத்த தளவோடுகளின் சந்தும், அறுவடைப் பொறியின் உட்புழையும் பூச்சியின் கணக்கில் பிளவுகளே. உள்ளே புகுந்தபின் உண்பதில்லை, முட்டையிடுவதில்லை. உறக்கம் ஒன்றே வேலை. அந்தக் கார் கப்பலேறி நிலநடுக்கோட்டைக் கடக்கையில் வெப்பம் ஏறுகிறது, பூச்சி விழிக்கிறது. குளிருக்கு அஞ்சி ஒடுங்கியது, தென்கோளத்தின் இளவேனிலில், காய்கறியும் பழமும் தளிர்த்து நிற்கும் நாட்டில் கரையிறங்குகிறது. 2018 பிப்ரவரியில் யப்பானிலிருந்து கார்களை ஏற்றிவந்த கப்பல்கள் சிலவற்றை, இப்பூச்சியைக் கண்டதும், நியூசிலாந்து திருப்பி அனுப்பியது. ஆயிரக்கணக்கான கார்களுக்கு எதிரே சில பூச்சிகள். எடை போட்டபோது பூச்சியின் பக்கமே தாழ்ந்தது.

ஆசுத்திரேலியா 1908-ஆம் ஆண்டின் தொற்றொதுக்கச் சட்டத்துக்கு மாற்றாக 2015-இல் உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிய நாடு. நாவாய்ப்பூச்சிக்கென அது வகுத்துள்ள விதிகள் ஆண்டு முழுவதற்கும் உரியவை அல்ல. செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, பூச்சி பரவியுள்ள நாடுகளிலிருந்து கப்பலேறும் ஊர்திகள், பொறிகள், கல், ஓடு, இரும்புப் பொருள்கள் போன்றவற்றுக்கு உரியவை. மூடிய பெட்டகத்தில் வருபவற்றுக்கு வந்திறங்கிய துறைமுகத்திலும் நஞ்சூட்டலாம். திறந்த நிலையில் வருபவை புறப்படும் முன்பே நஞ்சூட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் கரையிறங்க இசைவில்லை.

அவ்விதிகளில் என்னை மிகவும் ஈர்த்த வரி ஒன்றுண்டு. திசம்பர் 1-க்கு முன் நஞ்சூட்டிய சரக்கு, 120 மணி நேரத்துக்குள் ஆறு புறமும் மூடிய பெட்டகத்தில் அடைபடவோ கப்பலேறவோ வேண்டும். அந்நாளுக்குப் பின் நஞ்சூட்டியதற்கு அவ்வரையறை இல்லை. ஏன்? திசம்பருக்கு முன் பூச்சி இன்னும் இடம் தேடி அலைகிறது. தூய்மை செய்த காரில் மறுநாளே புதிய விருந்தாளி புகலாம். திசம்பரிலோ அதது தன்தன் பிளவில் அடங்கிவிட்டது. அலுவலக நடையில் எழுதிய விதிதான். ஆயினும் எழுதியவர் பூச்சியின் நாட்குறிப்பை நன்கு படித்திருக்கிறார்.

துறைமுகத்தார் 'பியூமிகேசன்' என்று வழங்குவதைத் தமிழில் புகையூட்டம் என்கிறோம். சொல் பழகிவிட்டது, பொருள் சற்றே பிழை. வேப்பிலையும் நொச்சியும் எரித்துப் புகை போடும் வழக்கத்திலிருந்து வந்த சொல் இது. புகை என்பது காற்றில் மிதக்கும் நுண்துகள். துகள் படியும், தடுத்தால் நிற்கும். இங்கே செலுத்தப்படுவது வளி. தனித்தனி மூலக்கூறாகப் பிரிந்து, அட்டைப்பெட்டியின் மடிப்புக்குள்ளும் மரத்தின் நுண்துளைக்குள்ளும் நுழைந்து, பூச்சியின் மூச்சுத்துளை வரை செல்ல வளியால் மட்டுமே இயலும். அவ்வகையில் முதன்மையானது மெத்தில் புரோமைடு. 3.6 பாகை செல்சியசிலேயே கொதித்து வளியாகும். நிறமில்லை, மணமில்லை, காற்றைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கனமுள்ளது. மனிதனையும் அது அறிவிப்பின்றிக் கொல்லும்.

நாவாய்ப்பூச்சிக்கு விதித்த அளவு கனமீட்டருக்கு 24 கிராம். இருபதடிப் பெட்டகத்தின் உட்பருமன் ஏறத்தாழ 33 கனமீட்டர். எனவே ஒரு கிலோவுக்கும் குறைவான நஞ்சு போதும். ஆனால் எவ்வளவு ஊற்றினோம் என்பதைக் கொண்டு விதி நிறைவடைவதில்லை. வெப்பம் 10 பாகைக்குக் குறையக் கூடாது; குளிர்ந்த பூச்சி குறைவாக மூச்சுவிடும், குறைவாகவே நஞ்சை உட்கொள்ளும். காலம் 12 மணி நேரமாவது வேண்டும். அந்நேரம் முடிந்தபின் அளந்து பார்த்தால் கனமீட்டருக்கு 12 கிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். 24 மணி நேரம் அடைத்துவைத்தால் 8 கிராம் போதும். செறிவும் காலமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் பெருக்கல் இது. அந்த இறுதி அளவுதான் விதியின் உயிர்நாடி. படுதாவின் ஓரத்தில் மணற்பை சரியாகப் படியவில்லையா, சரக்கின்மேல் நெகிழித்தாள் கிழிக்கப்படாமல் இறுகக் கிடந்ததா, பெட்டகத்தின் கதவுப்பட்டை தேய்ந்ததா, எல்லாக் குறையையும் அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணை அளக்காமலே தாளில் எழுதுவோரும் உண்டு. ஆதலால்தான் நஞ்சூட்டுவோரைப் பதிவு செய்து, பிழை கண்டால் பெயரை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டையும் அந்நாடு வைத்திருக்கிறது. சான்றிதழ் பொய் சொல்லலாம். பெட்டகத்திலிருந்து நடந்து வெளிவரும் பூச்சிக்குப் பொய் தெரியாது.

நஞ்சுக்கு மாற்று வெப்பம். சரக்கின் மிகக் குளிர்ந்த பகுதி 60 பாகையை எட்டிப் பத்து நிமிடம் நின்றால் போதும்.

இதே மெத்தில் புரோமைடு, தானியம் தின்னும் காப்ரா வண்டின் முன் எவ்வளவு மிகையாக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்: கனமீட்டருக்கு 80 கிராம், 48 மணி நேரம், வெப்பமும் 21 பாகைக்குக் குறையாமல். இவ்வண்டு நம் துணைக்கண்டத்துக்கே உரியது என்பது அறிஞர் கருத்து. பறக்கத் தெரியாது, ஆகவே அது சென்ற நாடெல்லாம் மனிதன் சுமந்துசென்ற நாடே. அதன் வலிமை புழுப்பருவத்தில். உணவு அற்றுப்போனால் மயிரடர்ந்த அப்புழு விரிசலுக்குள் ஒடுங்கி, மூச்சையும் அடக்கி, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மூச்சு அடங்கிய உடலுக்குள் நஞ்சும் மெல்லவே ஏறும். முன்னொருகால் தவசம் சுமந்த பெட்டகத்தின் பலகைத்தளத்துக்கடியில் புழு கிடக்க, மேலே குளிர்பதனப் பெட்டிகள் ஏறிவரலாம். 2020-இல் ஆசுத்திரேலியத் தலைநகர் கான்பராவில் இறக்குமதியான குளிர்பதனப் பெட்டிகளோடு இவ்வண்டு வந்திருந்தது. தின்ன ஒன்றுமில்லாத பொருளில் தானியப்பூச்சி! அதன்பின்தான் சரக்கை மட்டுமன்றி, வெறும் பெட்டகத்தையும் ஐயுறத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே அரிசி, கொண்டைக்கடலை, சீரகம், கொத்தமல்லி, வற்றல் மிளகாய் முதலியவற்றை அஞ்சல்வழி அனுப்புவதற்கும் தடை வந்தது. சிட்னியிலோ மெல்பர்னிலோ வாழும் மகளுக்கு ஊரிலிருந்து வற்றல் அனுப்பிய தாய்மார் பலருக்கு அந்தத் தடையின் பின்னே ஒரு புழு இருப்பது தெரிந்திராது.

புழுவின் பிடிவாதத்தைக் கலிபோர்னியா முன்பே கற்றிருந்தது. 1953-இல் அங்கே காப்ரா வண்டு கண்டறியப்பட்டது. கிடங்குகளையும் ஆலைகளையும் முழுக்கட்டடமாகவே படுதாவால் போர்த்தி மெத்தில் புரோமைடு ஏற்றினர். 1966-இல் வேலை முடிந்தபோது செலவு ஏறத்தாழ 1.1 கோடி டாலர்.

இனி வானத்தின் வழக்கு. மெத்தில் புரோமைடு மேலேறிச் சிதைந்தால் புரோமின் அணு விடுபடும். ஓசோனை அழிப்பதில் அது குளோரின் அணுவைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு வலியது. எனவே 1992-இல் மான்றியல் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும் கைவிட வேண்டும் என்றனர். ஒரே ஒரு வாயிலை மட்டும் திறந்துவைத்தனர்: தொற்றொதுக்கத்துக்கும் ஏற்றுமதிக்கு முந்திய நஞ்சூட்டலுக்கும் தடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாயிலையும் 2010-இல் அடைத்துவிட்டது.

இத்தாலியின் தளவோடு ஆசுத்திரேலியாவுக்குப் புறப்படும்போது இச்சிக்கல் நேருக்கு நேர் நிற்கிறது. ஒரு நாட்டுச் சட்டம் நஞ்சூட்டு என்கிறது. மற்றதன் சட்டம் அந்த நஞ்சைத் தொடாதே என்கிறது. இடையில் வந்து நின்றது சல்பியூரைல் புளோரைடு. பூச்சியின் முட்டையைக் கொல்ல அதற்கு மிகுந்த அளவு வேண்டும், அது பெருங்குறை. ஆனால் குளிருக்கு ஒடுங்கிய நாவாய்ப்பூச்சி முட்டையிடுவதில்லை என்பதால் இங்கே அக்குறை குறையாகாது. ஓசோனுக்கும் தீங்கில்லை. ஆயின் அவ்வளி ஏறத்தாழ 36 ஆண்டு காற்றில் தங்குகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமிலவளியைப்போல் 4000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். ஓசோனைக் காத்த கையே புவியின் போர்வையைத் தடிப்பாக்குகிறது.

நியூசிலாந்து வேறு வழியில் முயன்றது. ஏற்றுமதி மரத்துக்கு மிகுதியாக மெத்தில் புரோமைடு ஊட்டிவந்த நாடு அது. பயன்படுத்திய வளியைத் திரும்பப் பிடித்தாக வேண்டும், அதற்குப் பத்தாண்டு என்று 2010-இல் ஆணையிட்டது. தவணை 2020-இல் முடிந்தபோது நீட்டிக்க நேர்ந்தது. பெட்டகத்தின் வளியைக் கரிப்படுகையின் வழியே செலுத்தினால் நஞ்சு கரியில் ஒட்டிக்கொள்ளும். பெட்டகத்துக்கு அது எளிது. திறந்தவெளியில் குவித்த மரத்தின்மேல் போர்த்திய பெரும்படுதாவுக்கும், மரமேற்றிய கப்பலின் அறைக்கும் அரிது. வேலையை ஒழுங்காகச் செய்தவரின் படுதாவுக்குள்ளேயே நஞ்சு மிகுதியாக எஞ்சியிருக்கும். எஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. கரிப்படுகை இல்லாத இடத்தில், அளவுகருவி 12-ஐக் காட்டியதும், முகமூடி அணிந்த ஆள் காற்று வீசும் திசையைப் பார்த்துக்கொண்டு, மணற்பைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்.